கோர்ட்டிலிருந்து வேறு வேலைக்கு, அங்கிருந்து இங்கிலாந்துக்கு: தமிழ்நாட்டு வக்கீல்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்பது வருடம் சிவில் பக்கம் பிராக்டிஸ் செய்தேன். மனைவி செவிலியர். அவருக்கு இங்கிலாந்தில் மருத்துவமனை வேலை கிடைத்ததும் நானும் கிளம்ப வேண்டியதாயிற்று. டாக்டருக்கும் நர்ஸுக்கும் இன்ஜினியருக்கும் வழி சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. வக்கீலுக்குச் சொல்ல ஒருவர்கூட இல்லை. “அங்கே போய் என்ன செய்வே தம்பி?” என்று சீனியர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதிலைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. அதில் பாதிக் காலம் ஊரில் இருக்கும்போதே சுலபமாக வாங்கியிருக்கக்கூடிய காகிதங்களுக்காக அலைந்ததில் போனது. நீங்கள் அப்படி அலையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளை மட்டும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் சட்டமும் உரிமமும் தனி.

1. வக்கீலாகவே இருக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நாட்டையும் விசாவையும் பற்றி யோசிக்கும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள்.

ஒன்று, எஸ்.கியூ.இ. என்ற தகுதித் தேர்வு எழுதி சொலிசிட்டர், அதாவது அங்கே உரிமம் பெற்ற வக்கீல், ஆவது. இதற்குப் பணமும், ஒன்றரை இரண்டு வருடப் படிப்பும் வேண்டும். மற்றொன்று, உரிமம் தேவைப்படாத சட்டம் சார்ந்த வேலைகள்: ஒப்பந்தம், தகவல் பாதுகாப்பு, கம்ப்ளையன்ஸ் (நிறுவனம் சட்ட விதிகளைப் பின்பற்றுகிறதா என்று பார்ப்பது) போன்றவை. இதற்குத் தேர்வு கட்டாயமில்லை. ஆனால் கோர்ட் வாசனையே இருக்காது.

நான் இரண்டாவது வழியில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வரத் தொடங்கிய பிறகு தேர்வுக்குப் படித்தேன். குடும்பம் உள்ளவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கையிருப்பை எல்லாம் தேர்வில் போட்டுவிட்டு வீட்டு வாடகைக்கு முழிக்காதீர்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே சட்ட வேலை எல்லாமே உரிமத்துக்குள் அடங்கியதல்ல. 2007ஆம் ஆண்டு சட்ட சேவைகள் சட்டம் ஆறு வேலைகளை மட்டும் உரிமம் பெற்றவர்களுக்கென்று ஒதுக்குகிறது: நீதிமன்றத்தில் வாதாடுவது, வழக்கு நடத்துவது, சொத்து மாற்றத்துக்கான சில ஆவணங்களைத் தயாரிப்பது, உயில் மெய்ப்பிப்பு, நோட்டரி, சத்தியப் பிரமாணம் செய்து வைப்பது. இவற்றுக்கு வெளியே வேலை நிறைய இருக்கிறது. ஆனால் சொலிசிட்டர் என்று உங்களை எங்கேயும் சொல்லிக்கொள்ளாதீர்கள். உரிமமின்றி அந்தப் பெயரைப் போடுவது அங்கே குற்றம். விசிட்டிங் கார்டிலும் சமூக வலைதளத்திலும் ‘இந்தியாவில் பதிவு பெற்ற வழக்கறிஞர்’ என்று முழுதாக எழுதுவதே பாதுகாப்பு.

2. எந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும்?

ஒப்பந்த வேலை: சிவில் பக்கம் இருந்தவர்களுக்கு இதுதான் பக்கத்து வீடு. நிறுவனமோ மாநகராட்சியோ கையெழுத்திடும் ஒப்பந்தங்களைப் படித்து, ஆபத்தான ஷரத்தைக் குறித்து, மாற்று வாசகம் எழுதித் தருவது. நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்தில் எழுதியது என்பதால் அடிப்படை பழகியதாகவே இருக்கும். அந்தப் பழக்கமே சில இடங்களில் காலை வாரும். நம் 74ஆம் பிரிவில் முன்கூட்டி நிர்ணயித்த இழப்பீட்டுக்கும் அபராதத்துக்கும் வித்தியாசம் கிடையாது. எதுவானாலும் அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான். இங்கிலாந்தில் அபராத ஷரத்து தனி. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்த மீறலுக்கு ஆளான தரப்பின் நியாயமான நலனுக்குப் பொருத்தமில்லாத அளவுக்குக் கடுமையானதா என்றுதான் பார்க்கிறார்கள். எனது முதல் நேர்காணலில் கேட்டது இதைத்தான். நான் 74ஐச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை.

தகவல் பாதுகாப்பு: இப்போது நான் பார்க்கும் வேலை இதுதான், ஒரு பொது அமைப்பில். ‘என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவல் அனைத்தையும் கொடுங்கள்’ என்று ஒருவர் எழுதிக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விவகாரம் சிக்கலானதாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். எனக்கு வந்த முதல் விண்ணப்பம் அறுநூறு பக்கத்துக்கு மேல். வீட்டுப் பிரச்சினைக்காக ஒருவர் பத்து வருடம் எழுதிய கடிதங்கள், அவரைப் பற்றி அலுவலர்கள் எழுதிய குறிப்புகள், நடுவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த புகார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படித்து, அவருடைய தகவலை விட்டுவிட்டு அடுத்தவர் பெயரை மட்டும் கறுப்படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை அடித்தேன். அவர் வளர்க்கும் நாயின் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். நாயின் பெயரை வைத்தே புகார் கொடுத்தவர் யாரென்று தெரிந்துவிடும் என்று மேலாளர் சுட்டிக்காட்டினார். ஆவணங்களுக்குக் குறியீடு போட்டு, எதிர்த்தரப்பு எதைப் பிடித்துக்கொள்ளும் என்று யோசித்தே ஒன்பது வருடம் பழகிய கை என்னுடையது. அந்தப் பழக்கம் இந்த வேலைக்கு அப்படியே பொருந்தியது. ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களைக் கையாண்டவர்களுக்கு இன்னும் சுலபம்.

இந்தத் துறைக்குப் பலரும் எடுக்கும் சான்றிதழ், ஐ.ஏ.பி.பி. என்ற தகவல் பாதுகாப்பு வல்லுநர்கள் அமைப்பு தரும் சி.ஐ.பி.பி./ஈ. இரண்டரை மணி நேரத்தில் 90 கேள்விகள், கட்டணம் 550 டாலர். நெல்லையில் இருந்தபடியே இணையத்தில் எழுதலாம். ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

பாராலீகல்: சட்ட நிறுவனத்தில் சொலிசிட்டருக்குக் கீழே வேலை. இங்கிலாந்தில் இந்தப் பெயருக்கு உரிமம் கிடையாது, யாரும் சேரலாம். அதனாலேயே போட்டி கடுமை, சம்பளம் குறைவு. பத்து வருட சீனியாரிட்டி உள்ளவர் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து கோப்பு அடுக்க மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

சொத்துப் பரிவர்த்தனை: வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா என்று பார்த்துப் பழகியவர்கள் இதை விரும்புவார்கள். லைசென்ஸ்டு கன்வேயன்சர் என்று தனி உரிமமே உண்டு, சொலிசிட்டர் ஆகத் தேவையில்லை. ஆனால் நம் ஊர் போல் முப்பது வருடப் பத்திரங்களைக் கோர்த்துப் பார்க்கும் வேலை அங்கே குறைவு. பதிவேட்டில் உள்ள உரிமைக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. அதனால் கவனம் எல்லாம் தேடல் அறிக்கைகளிலும் அடமான நிபந்தனைகளிலும்தான்.

மொழிபெயர்ப்பு: நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை இருக்கிறது, குறிப்பாக இலங்கைத் தமிழர் அதிகம் வாழும் லண்டன் பகுதிகளில். இதற்கென டி.பி.எஸ்.ஐ. என்ற டிப்ளமா உண்டு, சட்டப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருமானம் நிரந்தரமில்லை. இலங்கைத் தமிழ் வழக்கு உங்களுக்குப் பழகியிராவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நாம் வேறு பொருள் எடுத்தால் ஒரு மனிதரின் வழக்கே மாறிவிடும்.

3. முடிந்தால் ஒரு வருடம் சென்னையில் மேசை வேலை பாருங்கள்

கோர்ட் அனுபவம் மட்டும் உள்ளவரை வெளிநாட்டு வேலை கொடுப்பவருக்குப் புரியாது. அதை நான் பார்த்து நொந்துவிட்டேன். சென்னையில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் படித்துத் தரும் அலுவலகங்களும், பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் இருக்கின்றன. அங்கே ஒரு வருடம் வேலை பார்த்தாலே சம்பளச் சீட்டு, மேலாளர் பெயர், அலுவலக மின்னஞ்சல் மூன்றும் கிடைத்துவிடும். இந்த மூன்றின் அருமை 7ஆம் படியில் தெரியும்.

பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் செய்யாமல் எல்.எல்.பி. மட்டும் முடித்தவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. சொலிசிட்டர் ஆக அவர்களுக்கு இரண்டு வருடத் தகுதி அனுபவம் வேண்டும். அதை இந்தியாவிலும் சேர்க்கலாம், நான்கு இடங்கள் வரை பிரித்தும் காட்டலாம். ஆனால் அந்த வேலையை இங்கிலாந்து சொலிசிட்டர் ஒருவர் உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். சேரும்போதே ‘உறுதிசெய்ய இங்கே யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே என்ரோல் செய்தவர்கள் சம்பள வேலையில் சேரும் நாளுக்குள் அடுத்த இரண்டு படிகளையும் செய்து முடித்தாக வேண்டும்.

4. வழக்குக் கட்டுகளை முறையாக ஒப்படையுங்கள்

என்னிடம் நடப்பில் இருந்தவை எழுபது சொச்சம் வழக்குகள். “போறதுக்கு முன்னாடி கட்டையெல்லாம் ஒவ்வொண்ணா கையில கொடுத்துட்டுப் போ தம்பி, மேசையில வச்சுட்டுப் போகாத” என்றார் சீனியர். அவர் சொன்னபடியே செய்தேன். இன்றுவரை ஒரு கட்சிக்காரரும் என் மீது குறை சொன்னதில்லை.

குமாஸ்தாவை வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் வழக்கு எண், அடுத்த வாய்தா, கட்சிக்காரர் கைபேசி, பீஸ் பாக்கி என்று நான்கு பத்தி போடுங்கள். ஒவ்வொருவரையும் வரச் சொல்லி, புது வக்கீல் யாரென்று அவரே முடிவு செய்யட்டும். புது வக்காலத்துக்கு உங்கள் ஒப்புதலை எழுதிக் கொடுங்கள். கட்டைக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்காதீர்கள். கட்டின் மேல் வக்கீலுக்குப் பிடிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது இதற்காக ஒரு புகார் போனால், அங்கே சொலிசிட்டராகச் சேரும்போது உங்கள் நடத்தை பற்றிய கேள்விக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும். வர வேண்டிய ஐயாயிரம் பத்தாயிரத்தை விட இது பெரிய விஷயம்.

இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். கோடை விடுமுறைக்கு முன் தொடங்கினால் கட்சிக்காரர்களுக்கும் ஆள் தேட நேரம் கிடைக்கும்.

5. பார் கவுன்சிலில் பிராக்டிஸை நிறுத்தி வையுங்கள்

பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதி இருக்கிறது. முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்த வேலையில் இருக்கும்வரை பிராக்டிஸை நிறுத்திவிட வேண்டும். ‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்று வேலையையும் வக்காலத்தையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாடு போக நினைப்பவர் இதைச் செய்யவே கூடாது. உங்கள் சி.வி.யில் உள்ள தேதிகளும் பார் கவுன்சில் பதிவும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள பார் கவுன்சில் அலுவலகத்துக்கு நேரில் போவது நல்லது. தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அசல் என்ரோல்மென்ட் சான்றிதழைக் கேட்பார்கள் என்பதால், கொடுப்பதற்கு முன் அதை நல்ல தரத்தில் வண்ண ஸ்கேன் எடுத்து, நோட்டரி சான்றிட்ட நகல் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் நல நிதியில் உறுப்பினராக இருந்தால் அந்தக் கணக்கு என்னவாகும் என்று அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிறுத்தி வைப்பது வேறு, பெயரையே நீக்கச் சொல்வது வேறு. நீக்காதீர்கள். திரும்பி வந்தால் பிராக்டிஸைத் தொடரவும், அங்கே ‘தகுதி பெற்ற வழக்கறிஞர்’ என்ற சலுகையில் தேர்வு எழுதவும் அந்தப் பதிவுதான் ஆதாரம்.

6. காகிதங்கள்: எல்லாவற்றுக்கும் முன் உங்கள் பெயர்

என் நேரத்தை அதிகம் விழுங்கியது இதுதான். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். என்ரோல்மென்ட்டில் இரண்டு இனிஷியல், ஊர்ப் பெயரும் சேர்ந்து. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். இங்கிலாந்தில் இனிஷியல் என்றால் என்னவென்றே புரியவில்லை. மூன்று சான்றிதழையும் மூன்று வேறு ஆட்களுடையது என்று ஒரு வேலை கொடுப்பவர் நினைத்துவிட்டார்.

அதனால் முதல் வேலை: பாஸ்போர்ட்டில் உள்ளதே உங்கள் பெயர் என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாப் பெயர் வடிவங்களையும் வரிசையாகக் குறிப்பிட்டு, ‘இவை அனைத்தும் ஒரே நபரையே குறிக்கும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். பிரமாண வாக்குமூலம் எழுதுவது நமக்குத் தினசரி வேலை. நமக்காக ஒன்று எழுதிக்கொள்ள மட்டும் மறந்துவிடுகிறோம். தேர்வுக்குப் பதியும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் பெயரைக் கொடுங்கள். அடையாள அட்டையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு மையத்துக்குள் விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும்.

அடுத்து சேர்க்க வேண்டியவை:

எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் பட்டமும், அவற்றோடு டிரான்ஸ்கிரிப்டும் (பல்கலைக்கழகமே தரும் மொத்த மதிப்பெண் சான்று). நீங்கள் படித்த காலத்தில் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்ததோ அங்கேதான் கேட்க வேண்டும். ஊரில் இருக்கும்போதே இரண்டு பிரதியாக, முத்திரையிட்ட உறையில் வாங்குங்கள்.

அகில இந்திய பார் தேர்வு எழுதியவர்கள் அந்தச் சான்றிதழ்.

வருமான வரிக் கணக்குகள். ஜூனியராக இருக்கும்போது வருமானம் வரம்புக்குக் கீழே என்று நம்மில் பலர் தாக்கலே செய்வதில்லை. சம்பளச் சீட்டு இல்லாத வக்கீலுக்கு, தொழில் செய்ததற்கு எளிதில் காட்டக்கூடிய ஆதாரம் அதுதான். இந்த வருடத்திலிருந்தாவது தொடங்குங்கள்.

நீங்கள் வாதாடிய தீர்ப்புகளில் உங்கள் பெயர் உள்ள முதல் பக்கம், பத்துப் பதினைந்து. இ-கோர்ட்ஸ் தளத்தில் இருப்பவற்றைப் பதிவிறக்கிக்கொள்ளலாம், மற்றவற்றுக்கு நகல் மனு போடுங்கள்.

போலீஸ் சான்று: பாஸ்போர்ட் சேவா வழியாக, கட்டணம் 500 ரூபாய். வேலை கொடுப்பவர் கேட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

நன்னிலைச் சான்று (உங்கள் பதிவு நல்ல நிலையில் இருக்கிறது என்று பார் கவுன்சில் தருவது): இதை மட்டும் அவசரப்பட்டு முன்கூட்டி வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களைக் கட்டுப்படுத்தும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பு மூன்று மாதத்துக்குள் வாங்கிய சான்றைத்தான் ஏற்கும். நான் கிளம்பும்போதே வாங்கிச் சென்றேன். தேவைப்பட்ட நாளில் அது காலாவதி ஆகியிருந்தது. உங்களுக்காக அலுவலகத்தில் நின்று வாங்கித் தர நம்பிக்கையான ஒரு ஜூனியருக்கு இப்போதே அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி. எல்லாச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் வெளியுறவு அமைச்சகம் இடும் சான்று) கட்டாயம் என்று சொல்லி ஓர் ஏஜென்ட் என்னிடம் பல ஆயிரம் வாங்கினார். வெளியுறவு அமைச்சகக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் சேவைக் கட்டணம். அப்படிச் செய்தவற்றில் ஒன்றைக்கூட இங்கிலாந்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள். துபாய் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லாததால் தூதரகச் சான்று வேண்டும்.

7. சி.வி.யை முதலிலிருந்து எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம்.

நான் முதலில் எழுதியிருந்த வரி: ‘பாகப்பிரிவினை, விளம்புகை, நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்குகளில் ஆஜரானேன்.’ நாற்பது இடத்துக்கு அனுப்பி ஒரு பதிலும் வரவில்லை. வேலை தேடுபவர்களுக்கு உதவும் ஓர் அம்மையார் அதைப் படித்துவிட்டு, “சரி, காலையில் அலுவலகம் போனதும் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியது இது: ‘ஒரே நேரத்தில் எழுபது கோப்புகளைக் காலக்கெடு தவறாமல் நிர்வகித்தேன். சொத்து ஆவணங்களை ஆராய்ந்து உரிமைக் குறைபாடுகளைக் கண்டறிந்து எழுத்தில் அறிக்கை கொடுத்தேன். எதிர்த்தரப்புடன் பேசிச் சமரச ஒப்பந்தங்களை வரைந்தேன்.’ பொய் ஒரு சொல்கூட இல்லை. அனுப்பிய அடுத்த ஐந்தில் இரண்டு இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

பரிந்துரைக்கு இரண்டு பேர் கேட்பார்கள். சீனியரின் ஜிமெயில் முகவரியைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். சீனியரிடம் லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை மூன்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆள் சென்னை மேசை வேலையின் மேலாளராக இருந்தால் பிரச்சினையே இல்லை.

8. எஸ்.கியூ.இ. தேர்வு: பணமும் நாளும்

2021 செப்டம்பரில் வந்த முறை. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 180 கேள்விகள், சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகம் பார்க்க முடியாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எதையும் விடாதீர்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. இந்தியாவில் உள்ள பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களிலும் எழுதலாம். ஊரை விட்டுப் போகும் முன்பே முதல் கட்டத்தை முடிக்க முடிந்தால் அதைப் போல நல்லது இல்லை.

இரண்டாம் கட்டம் செய்முறை: கட்சிக்காரரிடம் பேசுவது, வாதாடுவது, வரைவது, ஆராய்வது என்று 16 பயிற்சிகள். பேச்சுத் தேர்வுக்கு நேரில் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் போக வேண்டும்.

2025 செப்டம்பர் முதல் கட்டணம் முதல் கட்டத்துக்கு 1,934 பவுண்டு, இரண்டாம் கட்டத்துக்கு 2,974 பவுண்டு. நம் பணத்தில் முதலாவதே இரண்டு லட்சத்தைத் தாண்டும். பயிற்சி வகுப்பும் புத்தகமும் தனி. ஆறு வருடத்துக்குள் மூன்று முயற்சிதான். ஒரு தாளில் மட்டும் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். நான் இரண்டாம் தாளை இரண்டாவது முயற்சியில்தான் தேறினேன்.

அந்த இரண்டாம் தாளில்தான் நம்மவர்கள் சறுக்குகிறோம். நிலச் சட்டம், டிரஸ்ட், உயில் நிர்வாகம், சொலிசிட்டர் கணக்கு முறை எல்லாம் அதில் வருகின்றன. ஒப்பந்தச் சட்டம் தெரிந்ததுதானே என்று முதல் தாளிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு, டிரஸ்ட் பக்கம் கடைசி மாதத்தில் போனேன். நீங்கள் டிரஸ்டிலிருந்தே தொடங்குங்கள்.

என்ரோல் செய்த வக்கீலுக்கு இரண்டு வருடத் தகுதி அனுபவம் காட்ட வேண்டியதில்லை. இரண்டு வருடத் தொழில் அனுபவம் இருந்தால் இரண்டாம் கட்டத்திலிருந்தே விலக்குக் கேட்கலாம். எல்லோருக்கும் தானாகக் கிடைக்காது. நீங்கள் செய்த வேலை அவர்களின் திறன் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். 6ஆம் படியில் சேர்த்த தீர்ப்பு நகல்களும் 7ஆம் படியில் வாங்கிய சீனியர் கடிதமும் இங்கே கைகொடுக்கும். விலக்குக் கிடைத்தால் ஆங்கிலத் திறனைத் தனியாக நிரூபிக்க வேண்டும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கட்டும் முன்பே விண்ணப்பியுங்கள்.

9. விசா பற்றி வக்கீலுக்குத் தெரிய வேண்டியது மட்டும்

நான் மனைவியின் விசாவில் துணையாக வந்தேன், வேலை செய்யத் தடை இல்லை. தனியாக வருபவர்களுக்குக் கஷ்டம் அதிகம். திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் வருடத்துக்கு 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டது. தொடக்க நிலைச் சட்ட வேலைகள் பல அதை எட்டாது.

எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை படிக்கப் போனால் வேலை தானாக வரும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். எல்.எல்.எம். முடித்தவர் சொலிசிட்டர் ஆகிவிடுவதில்லை, எஸ்.கியூ.இ. எழுதியே ஆக வேண்டும். படிப்புக்குப் பின் வேலை தேடத் தரும் விசாவும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைகிறது. ஆராய்ச்சி அல்லாத, வகுப்பில் பாடம் படிக்கும் முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் 2024 ஜனவரி முதல் குடும்பத்தைக் கூட்டிச் செல்லவும் முடியாது. நிலத்தை அடமானம் வைத்து எல்.எல்.எம். போகும் தம்பி தங்கைகளிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

செலவில் மறந்துபோவது: பெரியவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம், விசா காலம் முழுவதற்கும் முன்கூட்டியே. செவிலியர் போன்ற சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு இது கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் அங்கீகரித்த மையத்தில் எடுத்த காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லும்.

10. அங்கே போனதும் வரும் முதல் பொறி

நீங்கள் வக்கீல் என்று தெரிந்த முதல் வாரமே கோயிலிலோ கடையிலோ யாராவது வருவார்கள். “தம்பி, என் விசா பேப்பரைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ, அகதி மனுவுக்கு ஒரு வாக்குமூலம் எழுதித் தாங்கோ” என்று கேட்பார்கள். கஷ்டத்தில் இருப்பவர்கள், மறுக்க மனம் வராது. நூறு பவுண்டு கையில் வைக்கவும் செய்வார்கள்.

செய்யாதீர்கள். பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனை வரை போகும் குற்றம். பணம் வாங்காமல் செய்தாலும் ‘தொழிலாக’ எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதைவிட முக்கியம், தப்பாக எழுதிய ஒரு வாக்குமூலம் அந்த மனிதரின் வழக்கை முடித்துவிடும். பின்னால் எவ்வளவு பெரிய பாரிஸ்டர் வந்தாலும் ‘முதலில் ஏன் இப்படிச் சொன்னீர்கள்?’ என்ற கேள்வி நிற்கும். பதிவு பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் அரசுத் தளத்தில் இருக்கிறது. அதைத் திறந்து, பக்கத்தில் இருக்கும் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுங்கள். கூடவே போய் மொழிபெயர்த்து உதவுங்கள்.

இந்த வேலை மனதுக்குப் பிடித்திருந்தால் முறையாகப் பதிவு செய்துகொண்டு செய்யலாம். குடிவரவு ஆலோசனை அத்தாரிட்டியில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலைக்குத் தேர்வு எழுதிப் பதிந்தால் எளிய விண்ணப்பங்களைக் கையாளலாம். அகதி மனுக்களுக்கு அடுத்த நிலைகள் வேண்டும்.

11. எப்போது எதைத் தொடங்குவது?

கிளம்பும் நாளுக்குப் பதினைந்து மாதம் முன்: வருமான வரிக் கணக்கு, பெயர் வாக்குமூலம், டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பம். முடிந்தால் இந்தக் கட்டத்திலேயே சென்னை வேலை. சேர்ந்தால் 4, 5ஆம் படிகளையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

கோர்ட்டிலேயே தொடர்ந்தால் ஆறு மாதம் முன்: தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வு, அல்லது எஸ்.கியூ.இ. முதல் கட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்.

நான்கு மாதம் முன்: புது வழக்கு எடுப்பதை நிறுத்தி, கட்டு ஒப்படைக்கத் தொடங்குங்கள். சீனியர் கடிதம், தீர்ப்பு நகல்கள்.

ஒரு மாதம் முன்: பார் கவுன்சில். அதற்குள் கடைசி வக்காலத்தும் மாறியிருக்க வேண்டும்.

அசல்களைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன்களை இரண்டு இடத்தில் சேமித்து, ஒன்றின் கடவுச்சொல்லை ஊரில் இருக்கும் அந்த ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.